மோடம் அறை மாறிய கதை

ஹாலில் இருக்கும் மோடத்தைப் படுக்கையறைக்கு மாற்ற வேண்டும். தொலைபேசி லைனில் ஓடும் மோடம் என்றால், ஒரு நீளமான வயரும் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட்டும் போதும். இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. அந்தச் சின்ன பிளக்கை வாங்கித் தர நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது!

1960களின் அமெரிக்காவுக்குப் போவோம். நாட்டின் பெரும்பாலான தொலைபேசிகள் ஏடி அண்ட் டி என்ற ஒரே நிறுவனத்தின் கையில். வீட்டில் இருக்கும் போன் வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை, மாத வாடகை. பெரும்பாலான வீடுகளில் போன் வயர் சுவரோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். அடுத்த அறைக்கு மாற்ற வேண்டுமானால் கம்பெனி ஆள் வர வேண்டும், அதற்குக் கட்டணம். இரண்டாவது அறையில் இன்னொரு போன் வேண்டுமா? அதற்குத் தனி வாடகை.

கம்பெனி தராத எதையும் போனில் மாட்டக்கூடாது என்பது விதி. ஹஷ்-எ-போன் என்று ஒரு மூடி இருந்தது. பேசும் இடத்தில் மாட்டிக் கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்குப் பேச்சு கேட்காது. வயர் இல்லை, மின்சாரம் இல்லை. அதற்கும் தடை! எஃப்.சி.சி. என்ற அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1955ல் கம்பெனி பக்கமே நின்றது. 1956ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

இந்த நிலையில் மோடம் என்ன செய்யும்? ஏடி அண்ட் டியே 1962ல் பெல் 103 மோடத்தை வெளியிட்டது. வேகம் நொடிக்கு 300 பிட், அதாவது சுமார் 30 எழுத்து. 1500 எழுத்துள்ள ஒரு பக்கம் வந்து சேர 50 நொடி ஆகும். மற்றவர்கள் தயாரித்த மோடங்களை லைனில் இணைக்க முடியாது. எனவே ஒரு குறுக்கு வழி பிறந்தது. போன் ரிசீவரை எடுத்து இரண்டு ரப்பர் கிண்ணங்களில் அழுத்தி வைப்பார்கள். மோடம் ஒலி எழுப்பும், ரிசீவர் அதைக் கேட்கும். அறையில் சத்தம் வந்தால் பிழை வரும். போன் எந்த அறையில் இருக்கிறதோ, மோடமும் அங்கேதான்.

இதை மாற்றியவர் டெக்சாஸ்காரரான தாமஸ் கார்ட்டர். எண்ணெய் வயல்களிலும் பண்ணைகளிலும் வேலை செய்பவர்களின் ரேடியோவைத் தொலைபேசியோடு சேர்க்க கார்ட்டர்போன் என்ற கருவியைச் செய்தார். 1959 முதல் 1966 வரை சுமார் 3,500 கருவிகள் விற்றன. கம்பெனி எதிர்த்தது, கார்ட்டர் வழக்குப் போட்டார். 1968 ஜூனில் எஃப்.சி.சி. கார்ட்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

கண்ட கருவியையும் மாட்டினால் லைன் கெடும், லைன்மேனுக்கு ஆபத்து என்பது கம்பெனியின் வாதம். அந்த பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கூடவே வாடகை வருமானமும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. தீர்ப்புக்குப் பிறகும் வெளிக் கருவிகளுக்கு ஒரு பாதுகாப்புப் பெட்டி வேண்டும், அதற்கு வாடகை என்று கம்பெனி சொன்னது. 1975ல் எஃப்.சி.சி. வேறு வழி சொன்னது. கருவி தரவிதிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துப் பதிவு செய், பிறகு யார் வேண்டுமானாலும் மாட்டலாம். 'கிளிக்' என்று மாட்டும் ஆர்ஜே 11 பிளக் பரவியது இதன் பிறகுதான். 1981ல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் வந்தது. ரப்பர் கிண்ணம் தேவையில்லை, நேராகச் சுவரில் மாட்டலாம். மோடம் அறை மாறத் தொடங்கியது!

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15ல் பொதுமக்களுக்கு இணையம் தந்தபோது அந்த பிளக் தயாராக இருந்தது. போன் ஹாலில், கணினி உள் அறையில், நடுவே நீள வயர். நெட்டில் இருந்தால் போன் என்கேஜ்டு! பிறகு வை-ஃபை வந்தது. 2005ல் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்றது. அதன் பிறகு வயர் போய், சுவர்தான் பிரச்சினை ஆனது.

இன்று பல வீடுகளில் கண்ணாடி இழைக் கேபிள். அதை நாமாக வெட்டி ஒட்ட முடியாது, இயந்திரத்தோடு ஆள் வர வேண்டும். பழைய காலம் திரும்பியது போல் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து அடுத்த அறைக்கு நாமே ஒரு கேபிள் இழுத்து, கடையில் வாங்கிய ரூட்டரை மாட்டிக் கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டாம். இதைச் சாதாரண விஷயமாக ஆக்கியதில் கார்ட்டரின் வழக்குக்கும் பங்கு உண்டு.

ஆபத்து இருக்கிறது என்றால் அதற்குத் தரவிதி போதும், தடை வேண்டாம். ஒரு பிளக் சொல்லித் தரும் வணிகப் பாடம் இதுதான்.