எழுத்துகளின் சார்பும் எண்களின் சாட்சியமும்

எட்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த மொழியறிஞர் கலீல் இப்னு அஹ்மத், தமது 'கிதாபுல் ஐன்' அகராதியில் நுட்பமான உண்மையொன்றைப் பதிவு செய்துள்ளார். தொண்டையின் நடுப்பகுதியில் பிறக்கும் ஐனும் ஹாவும் அரபு மொழியில் ஒரே வேரில் சேர்ந்து வருவதில்லை. அவற்றின் பிறப்பிடங்கள் மிக நெருங்கியிருப்பதே காரணம் என்கிறார் அவர். பாங்கொலியில் நாம் நாள்தோறும் செவிமடுக்கும் 'ஹய்ய அலா' போன்ற இரு சொற்களை இணைத்து ஒரு வினையை உருவாக்கினால் மட்டுமே இது மீறப்படும் என்று விதிவிலக்கையும் அவரே சுட்டிவிடுகிறார்.

அடுத்த நூற்றாண்டில் அல்-கிந்தி இவ்வறிவை மறைமொழிக் கடிதங்களை வாசிக்கும் கலைக்குப் பயன்படுத்தினார். 3,667 எழுத்துகளை எண்ணி, அவற்றுள் அலிஃப் 600 முறை வந்ததென்று கணக்கிட்டதோடு, எந்த எழுத்து எதனுடன் சேராது என்பதற்கும் தனிப்பட்டியல் தந்தார். தமிழிலக்கணம் மெய்ம்மயக்கம் என்று வகுத்திருப்பதும் இவ்வகை அறிவே. ககர மெய்யை அடுத்துத் தனித்தமிழ்ச் சொல்லில் ககரமே வரும்.

இன்றைய கணித மொழியில் இதனை நிபந்தனை நிகழ்தகவு என்போம். ஒரு நிகழ்ச்சி நடந்தது என அறிந்த பின்னும் மற்றொன்றின் நிகழ்தகவு மாறாதிருந்தால், அவை சார்பிலா நிகழ்ச்சிகள். மாறினால், ஒன்று மற்றொன்றைச் சார்ந்தது. சோதனை இவ்வளவு எளிது. ஆயினும் இதனைச் செய்து பாராமலே சார்பின்மையை முடிவுகட்டியோர் பலர். அவர்களுள் மாஸ்கோ பல்கலைக்கழகக் கணித அறிஞர் நெக்ராசோவும் ஒருவர்.

இறையியல் பயின்று கணிதத்திற்கு வந்த நெக்ராசோவ், 1902-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வியப்பூட்டும் வாதமொன்றை முன்வைத்தார். சோதனைகள் பெருகப் பெருகச் சராசரி நிலைபெறும் என்ற பேரெண் விதி, நிகழ்ச்சிகள் சார்பிலாதவையாக இருந்தால்தான் செல்லும் என்று அவர் கருதினார். திருமணங்களின் எண்ணிக்கையும் குற்றங்களின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் ஏறத்தாழ நிலையாக உள்ளன. எனவே மனிதச் செயல்கள் ஒன்றையொன்று சாராதவை. எனவே மனிதன் சுதந்திர விருப்பம் உடையவன். கலீலின் பஸ்ராவில் கத்ர் குறித்து அனல் பறக்க வாதிட்டோர்கூட, திருமணப் பதிவேட்டைச் சான்றாகக் கொண்டுவந்ததில்லை!

பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆந்திரே மார்க்கோவ் இதனைப் பொறுக்கவில்லை. நாத்திகப் போக்குடைய அவர், 1912-இல் தம்மைத் திருச்சபையிலிருந்து விலக்குமாறு தாமே விண்ணப்பித்தவர். ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனக்கு முந்தியதைச் சார்ந்திருக்கும் தொடரிலும் பேரெண் விதி செல்லுமென 1906-இல் நிறுவினார். 1913-இல் அதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டும் தந்தார். புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' காவியத்தில் 20,000 எழுத்துகளைக் கையாலேயே எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. ஆக, ஓர் எழுத்து உயிராக இருக்கும் நிகழ்தகவு 0.432.

முந்திய எழுத்தைப் பொருட்படுத்தாமலே உயிர் அமைகிறதென்றால், உயிரை அடுத்து உயிர் வரும் இடங்கள் ஏறத்தாழ 3,730 இருக்க வேண்டும். மார்க்கோவ் கண்டவையோ 1,104. முந்தியது உயிரென்று அறிந்தால் நிகழ்தகவு 0.128-ஆகத் தாழ்கிறது; மெய்யென்று அறிந்தால் 0.663-ஆக உயர்கிறது. ஐயத்திற்கு இடமில்லாத சார்பு இது. இத்தனை சார்பிருந்தும், எழுத்துகளை நூறு நூறாகப் பகுத்தபோது ஒவ்வொன்றிலும் உயிர்களின் தொகை 43-ஐ ஒட்டியே நின்றது. சார்பிலா எழுத்துகளிடம் எதிர்பார்க்கத்தக்க ஏற்றத்தாழ்வைவிட இங்கே அது மிகவும் குறைவு. நெக்ராசோவ் எந்த நிலைத்தன்மையைச் சார்பின்மைக்குச் சாட்சியாக நிறுத்தினாரோ, அதனை இங்கே வலுப்படுத்தியது சார்பே.

மார்க்கோவின் வெற்றியைச் சிலர் மிகைப்படுத்துவர். அவர் வீழ்த்தியது ஒரு வாதத்தை மட்டுமே. மனிதனுக்கு விருப்பச் சுதந்திரம் உண்டா என்ற வினாவுக்குப் புஷ்கினின் உயிரெழுத்துகளில் விடையில்லை. திருமணப் பதிவேட்டிலும் இல்லை என்பதே நம் கருத்து.

எழுத்துகளின் உறவை எண்ணிப் பார்த்த முன்னோடி ஒருவர் பக்தாதில் இருந்ததை மார்க்கோவ் அறிந்திருக்க வழியில்லை. அல்-கிந்தியின் சுவடி இஸ்தான்புல் சுலைமானியா நூலகத்தில் கிடந்தது. அது திமிஷ்கில் அச்சேறியது 1987-இல். மார்க்கோவ் மறைந்ததோ 1922-இல்.