பல்லாவரத்துக் கல்



நம் பூரணாங்குப்பத்தில் தோண்டினால் மணல்தான் வரும். பாறையை நான் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. "உருமாறிய பாறையில் பழைய தடயம் ஏதும் மிஞ்சாது" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது தவறு.

1690-இல் கல்கத்தாவில் கம்பெனிக்காகக் குடியேறிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், நம் பல்லாவரத்துப் பாறை ரகம். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அவர் பெயராலேயே 'சார்னகைட்' என்றார்.

சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் 700 டிகிரிக்கு மேல் வெந்தது அந்தப் பாறை. அந்தச் சூட்டில் கறுப்பு அபிரகம் நீரை இழந்து சிதைய, ஹைப்பர்ஸ்தீன் பிறந்தது. பக்கத்தில் கார்னெட்டும் இருந்தால், இரண்டும் இரும்பையும் மெக்னீசியத்தையும் பங்கிட்டுக்கொண்ட விகிதமே வெந்த சூட்டைச் சொல்லிவிடும். வயதைச் சொல்வது சிர்க்கான்.

கல்லின் மேல் மனிதன் செதுக்கியது முந்நூறு ஆண்டுச் செய்தி. உள்ளே இருப்பது 250 கோடி ஆண்டுக் கணக்கு. பழைய நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.