நீரைத் தொட்டும் தொடாமலும்

குளக்கரையில் நின்று ஓட்டாஞ்சில்லைத் தண்ணீரின்மேல் சாய்த்து எறிந்து, அது எத்தனை முறை தத்துகிறது என்று எண்ணி மகிழாத சிறுவர் யார்? சில்லு தட்டையாக இருக்க வேண்டும், அதன் முன்விளிம்பு சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும், வேகமும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது முதல் தொடலிலேயே மூழ்கிவிடும். பந்தயப் படகுகளின் வரலாறு முழுவதும் இந்தச் சில்லின் வித்தையைப் பெரிதாகச் செய்துபார்த்த வரலாறுதான் என்று நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

சாதாரணப் படகு நீரைப் பிளந்துகொண்டு செல்கிறது. வேகம் கூடக் கூட, அலையை எழுப்புவதிலேயே அதன் விசையில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. நீரைப் பிளப்பதை விட்டு, அதன்மேல் ஏறிச் சறுக்கினால் என்ன? 1872ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே சார்ல்ஸ் ராமஸ் என்னும் பாதிரியார், அடிப்புறத்தில் படி வைத்த கப்பலொன்றைக் கட்டலாம் என்று கடற்படைத் தலைமையகத்துக்கு எழுதினார். கப்பல் மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்துச் சோதிப்பதில் வல்லவரான வில்லியம் ஃப்ரூட் அதை ஆராய்ந்தார். அன்றைய நீராவி இயந்திரத்தின் எடையைச் சுமந்துகொண்டு அத்தகைய வேகத்தை எட்ட இயலாது என்பது அவர் கண்ட முடிவு. முடிவு சரியே, ஆயினும் பாதிரியாரின் எண்ணமும் பொய்யன்று. அதற்கேற்ற இலேசான எஞ்சின் இன்னும் பிறக்கவில்லை, அவ்வளவே.

பெட்ரோல் எஞ்சின் வந்ததும் நிலைமை மாறியது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலி எவின்ரூட், படகின் பின்பலகையில் திருகி மாட்டக்கூடிய அவுட்போர்டு எஞ்சினை 1909இல் விற்கத் தொடங்கினார். எளிய மனிதனுக்கும் விசைப்படகு கிடைத்தது. ஆனால் பாரமெல்லாம் பின்முனையில் சேர்ந்ததால், வேகம் மிகும்போது படகின் முகப்பு ஏறி ஏறித் தாழத் தொடங்கியது. திருப்பங்களிலோ பக்கவாட்டில் வழுக்கியது.

இதற்கொரு வழி 1930களில் கிடைத்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து வென்ட்னர் படகுத் தொழிலகத்தைச் சேர்ந்த அடால்ஃப் ஏப்பல், படகின் முன்பகுதியில் இருபுறமும் இரண்டு கட்டைகளைப் போன்ற துணையுறுப்புகளைப் பொருத்தினார். ஸ்பான்சன் என்பது அவற்றின் பெயர். நாம் பக்கமிதவை என்போம். ஓடும்போது இரு மிதவைகளின் அடியும் படகின் பின்முனையும் ஆகிய மூன்றிடங்கள் மட்டுமே நீரைத் தொட்டன. முக்காலி ஆடாது என்பது தச்சர் அறிந்த உண்மையன்றோ!

வேகம் என்றதும் எஞ்சினின் ஆற்றலையே பலரும் புகழ்வர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கிலேயரான மால்கம் கேம்பெல், படியமைந்த பழைய முறைப் படகான புளூபேர்ட் கே-3இல் 1938ஆம் ஆண்டு மணிக்கு 130.91 மைல் வேகம் கண்டார். மறு ஆண்டு மிதவை பொருத்திய கே-4 என்னும் புதிய படகில், அதே ரோல்ஸ் ராய்ஸ் வகை எஞ்சினைக் கொண்டே, கனிஸ்டன் ஏரியில் 141.74 மைல் எட்டினார். மிகுந்த 11 மைலுக்கு அடிப்புறத்தின் அமைப்பே முதற்காரணம்.

மிதவையைப் பொருத்தினால் மட்டும் போதாது. அதன் சாய்வைச் சரிசெய்வதே நுட்பமான வேலை. சாய்வு மிகுந்தால் முகப்பு துள்ளும். குறைந்தால் மூக்கு நீரில் குத்தும். அரைப் பாகை வேறுபாட்டையும் ஓட்டுபவரின் கை உணர்ந்துவிடும். அமெரிக்கப் பந்தயங்களில் படகுகள் இடப்புறமாகவே திரும்பிச் சுற்றுவதால், இடப்பக்கத்தில் செங்குத்தான துடுப்புத் தகடொன்றைப் பொருத்துகிறார்கள். அது நீரைக் கவ்விக்கொள்ள, படகு வழுக்காமல் திரும்புகிறது. அவுட்போர்டு எஞ்சினில் வேறொரு தொல்லையும் உண்டு. சுழலும் விசிறி, திசைப்பிடியை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். விசிறிக்குச் சற்று மேலே கையகலமும் இல்லாத ஒரு சிறு தகடு இதற்கு மருந்தாகிறது. பிடி வலப்பக்கம் இழுத்தால், அத்தகட்டின் பின்விளிம்பையும் வலப்பக்கமே திருப்ப வேண்டும். கேட்பவருக்கு இது முரணாகத் தோன்றும். அப்பக்கம் சாய்ந்த தகட்டை ஓடும் நீர் இடப்பக்கம் தள்ளுகிறது. இழுப்பும் தள்ளலும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. கைதேர்ந்தவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஓட்டிப் பார்த்து, குறித்துக்கொண்டு, பிறகே அடுத்ததைத் தொடுவர். நம் ஆய்வுக்கூடங்களில் பல மாணவர் பின்பற்றாத ஒழுங்கு இது!

1950இல் சியாட்டில் நகரத்து ஸ்டான் சேயர்ஸ் தமது ஸ்லோ-மோ-ஷன் 4 என்னும் படகில் 160.32 மைல் வேகம் கண்டபோது, படகின் பின்முனையும் நீரைவிட்டு எழுந்துவிட்டது. பாதி நீருக்கு மேலே சுழன்ற விசிறியே மூன்றாம் காலாயிற்று.

நீரைத் தொடுவது குறையக் குறைய, படகைப் பிடித்து நிறுத்துவதும் குறைந்தது. 1952இல் லாக் நெஸ் ஏரியில் ஜான் காப் என்பவர் 200 மைலுக்குமேல் செல்கையில் படகு சிதறி உயிரிழந்தார். மால்கமின் மகன் டொனால்டு கேம்பெல், நாரிஸ் சகோதரர்கள் வரைந்த கே-7 என்னும் ஜெட் படகைக் கொணர்ந்தார். தொடக்க ஓட்டங்களில் மிதவைகள் வாரியிறைத்த திவலை காற்றுவாயிலுக்குள் புகுந்து எஞ்சினைத் திணறச் செய்தது. அமைப்பைப் பொறுமையுடன் திருத்திய பின்னரே, 1955 ஜூலை 23இல் 202.32 மைல் கைகூடியது.

அவ்விரு மிதவைகளுக்கிடையே புகும் காற்றும் படகைத் தூக்குகிறது என்பதை நினைவிற்கொள்க. ஓரளவு தூக்கினால் நன்மை. அளவு மீறினால் படகு பறவையாகிவிடும், இறங்கத் தெரியாத பறவை. 1967 ஜனவரி 4 காலை, கனிஸ்டன் ஏரியில் கேம்பெல் முதல் ஓட்டத்தை 297.6 மைல் வேகத்தில் முடித்தார். சாதனைக்கு இரு திசை ஓட்டங்களின் சராசரி வேண்டும். தாம் எழுப்பிய அலைகள் அடங்குமுன்னரே திரும்பினார். வேகம் 300 மைலைத் தாண்டிய நிலையில் மிதவைகள் ஒன்றுமாறி ஒன்று துள்ளின, முகப்பு நிமிர்ந்தது, படகு வானில் கரணமடித்து நீரில் மோதியது. அவருக்கு வயது 45.

பத்தாண்டுகளுக்குப் பின், ஆஸ்திரேலியரான கென் வார்பி, சிட்னியில் தம் வீட்டுக் கொல்லையிலே மரத்தால் கட்டிய படகில், 1978 அக்டோபர் 8 அன்று 317.6 மைல் கண்டார். உயிருடன் கரைக்கும் மீண்டார். கேம்பெலின் கே-7 ஏரியடியில் 34 ஆண்டுகள் கிடந்து, 2001இல் வெளியே எடுக்கப்பட்டது. பழுது நீக்கிய பின், 2018 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பியூட் தீவிலுள்ள ஏரியொன்றில் அது மீண்டும் நீர்மேல் எழுந்து சறுக்கியது.