செம்பூர்க் காற்றும் நம் குடியிருப்பும்

மாட்டுங்காவிலிருந்து 1968இல் அப்பா செம்பூருக்குக் குடிபெயர்ந்தார். "காத்து எப்படின்னு விசாரிச்சேளா?" என்று பின்னாளில் கேட்டேன். "வாடகை கட்டுப்படியாச்சு, ரயில் பக்கம், நம்ம மனுஷா நாலு பேர் இருந்தா. வேற என்னத்தப் பாக்கறது?" என்றார்.

அப்போதே அங்கே எல்லாம் வந்தாயிற்று. ஊருக்கு வெளியே என்று 1927 முதல் தேவ்னாரில் பம்பாயின் குப்பை கொட்டப்பட்டது. டிராம்பே பக்கம் 1954-55இல் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், 1956இல் அனல்மின் நிலையம், 1965இல் உரத் தொழிற்சாலை. ஆலை வந்தால் வேலை, வேலை வந்தால் வீடு, நெடியெல்லாம் அப்புறம்தான். செம்பூருக்கு 'காஸ் சேம்பர்' என்று பட்டப்பெயர் விழுந்த பிறகும், கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் விட்டு நகர நம்மில் பலருக்கு மனசு வரவில்லை.

நாமாவது விரும்பி இருந்தோம். ஆலைகளை ஒட்டிய மாஹுல் கதை வேறு. அங்குள்ள காற்று மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அதன் பிறகும், தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்திலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு அங்கேதான் வீடு ஒதுக்கினார்கள். கட்டாயப்படுத்தி அங்கே அனுப்பக் கூடாது, மாதம் 15,000 ரூபாய் வாடகைப் பணம் கொடுங்கள் என்று 2019இல் பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

நல்ல காற்றை வேண்டாம் என்பவர் யார்? அப்பா மூன்று விஷயம் பார்த்து வீடு எடுத்தார். மாஹுலுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு ஒன்றைக்கூடப் பார்க்க வாய்ப்பில்லை.