டி.டி.எஸ். கூடிப்போச்சு: திருப்பூர்த் தொழில்மொழியில் பலபொருள் சுருக்கச்சொற்கள்

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்து ஒரே நாளில் மூன்று கோப்புகளில் இடம்பெறும். நீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருளின் அளவு ஒன்று; சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவேட்டில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அது பதிவாகும். துணி கொடுத்த ஏற்றுமதி நிறுவனம் சாயக்கூலியிலிருந்து பிடித்துக்கொண்ட வருமான வரி இன்னொன்று; அது கணக்குப்பிள்ளையின் கோப்பில் இருக்கும். சாயத்துக்கும் துணைப் பொருள்களுக்கும் விற்பனையாளர் தரும் தொழில்நுட்பத் தகவல் தாள் மூன்றாவது. வெளிநாட்டு வாங்குநரின் சார்பில் ஆடிட்டுக்கு வருபவர் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். மூன்றுக்கும் ஆங்கிலத் தலைப்பெழுத்தைத் தவிர வேறு உறவில்லை.

அப்படியிருந்தும் பட்டறைக்குள் எவரும் குழம்புவதில்லை. ஏன் குழம்புவதில்லை என்பதும், எங்கே போனால் குழப்பம் தொடங்குகிறது என்பதும் இக்கட்டுரையின் கேள்விகள். சூழலை வைத்துப் பொருள் தெரிந்துவிடும் என்று சொல்லிக் கடந்துவிடலாம். அந்தச் சூழல் எதனால் ஆனது என்று கேட்டால், விடை தமிழ் இலக்கண மரபிலேயே கிடைக்கிறது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது. தான் ஏற்கும் வினையால் பொருள் வேறுபட்டுத் தெரிவது ஒருவகை. வினையாலும் வேறுபடாதது மற்றொரு வகை. முதல் வகைக்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்றும் பொருளைத் தெளிவிக்கும் கருவிகள். இரண்டாம் வகையில், கருதிய பொருளைச் சொல்பவனே வெளிப்படக் கூறிவிட வேண்டும். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘மா’. மா பூத்தது என்றால் மரம் என்பது உறுதி. மா வீழ்ந்தது என்றால் மரமா, விலங்கா என்று தெரியாது. இந்தப் பாகுபாடு திருப்பூரின் சுருக்கச்சொற்களுக்கு ஒட்டியும் வெட்டியும் பார்க்க வேண்டிய பழைய சட்டகம் அன்று. அப்படியே பொருந்துகிறது என்பதே என் வாதம்.

வினையை முதலில் பார்ப்போம். ‘டி.டி.எஸ். புடிச்சுட்டாங்க’ என்றால் அது வரிதான். கூலியிலிருந்தோ பில் தொகையிலிருந்தோ கழிக்கப்படும் எதற்கும் இப்பகுதியில் ‘பிடி’ என்பதே வினை: பி.எஃப். பிடிக்கிறார்கள், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், அட்வான்ஸ் பிடிக்கிறார்கள். ‘டி.டி.எஸ். ஏறிப்போச்சுங்க’ என்றால் நீர். ‘டி.டி.எஸ். அனுப்பச் சொல்லுங்க’ என்றால் தகவல் தாள். ஓ.டி. என்பதும் இப்படித்தான். ‘ஓ.டி. பாத்துட்டு வர்றேனுங்க’ என்பவர் மிகைநேர வேலை முடித்து வருகிறார், ‘ஓ.டி.க்குக் கொண்டுபோயிட்டாங்க’ என்றால் அறுவை அரங்கு; ‘ஓ.டி.ல எடுத்துச் சம்பளம் போட்டோம்’ என்பவர் வங்கியின் மிகைப்பற்றைச் சொல்கிறார். டி.சி.யும் அவ்வாறே. நிட்டிங்கிலிருந்து சாயத்துக்கும், சாயத்திலிருந்து காம்பாக்டிங்குக்கும் துணி நகரும்போது ‘போடுகிற’ டி.சி., சரக்கோடு செல்லும் டெலிவரி சலான். பள்ளியில் ‘வாங்குகிற’ டி.சி., மாற்றுச் சான்றிதழ்.

இந்த வினைகள் எல்லாம் தமிழ் வினைகள். பெயர் ஆங்கிலத் தலைப்பெழுத்தாக வந்து சேர்ந்தது. அதன் பொருளை வரையறுக்கும் பொறுப்பைத் தமிழ் வினை ஏற்றுக்கொண்டது. இச்சொற்களைக் கலப்பு என்று ஒதுக்குவோர் இந்த உழைப்பைக் கவனிப்பதில்லை. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து தைக்கும் தொழிலாளர் இந்தியில் பி.எஃப். ‘வெட்டப்படுகிறது’ என்பார், இங்குள்ளவர் ‘பிடிக்கிறாங்க’ என்பார். எழுத்துகள் இரண்டு மொழிக்கும் பொது, வினை அவரவர் மொழிக்கு உரியது.

இனத்தால் தெளிவது, தொழிலின் நுட்பம் வெளிப்படும் இடம். சலானில் காணப்படும் ஒரு வரி இப்படி இருக்கும்: 30 கே.எச்., எஸ்.ஜே., 24 ஜி.ஜி., டயா 30, ஜி.எஸ்.எம். 150. முப்பதாம் நம்பர் கார்டட் ஹொசைரி நூலில், அங்குலத்துக்கு 24 ஊசி கொண்ட, 30 அங்குல விட்டமுள்ள எந்திரத்தில் ஓட்டிய சிங்கிள் ஜெர்சித் துணி. சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை வர வேண்டும். ஜி.எஸ்.எம். என்பது கைப்பேசித் தொழில்நுட்பத்தின் பெயரும்தான். ஆனால் இந்த வரிசையில் நின்றால் அந்த எண்ணமே எவருக்கும் எழாது; பக்கத்துச் சொற்கள் அதை எழவிடா.

அவ்வரியில் உள்ள ‘கே’ தனியே நின்று பார்க்கத் தக்கது. பஞ்சை வாரிச் சீராக்குவது கார்டிங். மேலும் சீவிக் குட்டை இழைகளை நீக்குவது கோம்பிங். ஆங்கில எழுத்துக்கூட்டில் இரண்டுமே ‘சி’யில் தொடங்கும். இரண்டையும் சி என்று எழுதினால், விலை வேறுபடும் இரு நூல்கள் பில்லில் ஒன்றாகிவிடும். ஆகவே இந்திய நூல் வணிகம் கோம்ப்டுக்குச் சி.எச்., கார்டடுக்குக் கே.எச். என்று பிரித்துக்கொண்டது, எழுத்துக்கூட்டையே வேண்டுமென்று மாற்றிக் ‘கே’யில் தொடங்க வைத்தது. எந்த அகராதிக் குழுவும் கூடி முடிவு செய்ததன்று. பணம் இழக்க நேரும் இடத்தில் தொழில் தானாகவே சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இழப்பு யாருக்கு என்பதைப் பொறுத்தே இந்த அக்கறை அமைகிறது என்பதைக் கீழே காண்போம்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. நம் எழுத்துமுறை வல்லெழுத்தின் ஒலிப்புடைய, ஒலிப்பிலா வடிவங்களைத் தனித்தனியே காட்டுவதில்லை. தமிழ்ச் சொற்களுக்கு அது குறையே அன்று. சொல்லில் எழுத்து நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது. தலைப்பெழுத்துகளுக்கு அத்தகைய இடம் கிடையாது. ஆகவே பாலியெஸ்டர் காட்டன் கலப்பு நூலும் பிற்படுத்தப்பட்ட வகுப்பும் ‘பி.சி.’ ஆகின்றன, டெலிவரி சலானும் மாற்றுச் சான்றிதழும் ‘டி.சி.’ ஆகின்றன, மிகைநேரமும் மிகைப்பற்றும் ‘ஓ.டி.’ ஆகின்றன. ஆங்கில எழுத்தில் வேறாக இருந்தவை தமிழில் எழுதியவுடன் ஒன்றாகிவிடுகின்றன. பலபொருளின் அளவு தமிழில்தான் அதிகம். தெளிவிக்கும் கடமையும் தமிழில் எழுதுவோர்க்கே அதிகம்.

அதே டி.சி.க்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. இயற்கைப் பருத்தி ஆடை ஏற்றுமதியில், ஒவ்வொரு கைமாற்றிலும் சரக்கு இயற்கைப் பருத்தியே என்று சான்றளிக்கும் டிரான்சாக்‌ஷன் சர்ட்டிபிகேட் அது. நிறுவனத்துக்கு முதலில் வேண்டியது ஸ்கோப் சர்ட்டிபிகேட், அதாவது ‘எஸ்.சி.’. தமிழ்நாட்டில் எஸ்.சி. சர்ட்டிபிகேட் என்றால் வேறு ஒன்றுதானே நினைவுக்கு வரும்? பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க டி.சி.யும் சாதிச் சான்றிதழும் தேடி அலையும் தொழிலாளியும், அதே பெயர்களில் வேறு இரு தாள்களுக்காகக் காத்திருக்கும் மெர்ச்சண்டைசரும் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறார்கள். இத்தாள்களின் எடையும் சிறிதன்று. 2020 அக்டோபரில், உலகளாவிய இயற்கைத் துணித் தர அமைப்பான காட்ஸ், போலிச் சான்றிதழ்களின் துணையோடு சுமார் 20,000 டன் இந்தியப் பருத்தி இயற்கைப் பருத்தியாகக் காட்டப்பட்டதை வெளியிட்டு, 11 நிறுவனங்களின் சான்றிதழ்த் தகுதிக்குத் தடை விதித்தது.

இனி வினையும் உதவாத வகை. ‘இந்த மாசம் டி.டி.எஸ். கூடிப்போச்சு.’ இதைச் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டரும் சொல்லலாம், கணக்குப்பிள்ளையும் சொல்லலாம். மா வீழ்ந்தது போன்ற வாக்கியம் இது. பேச்சில் இத்தகையவை குறைவு. யார் சொன்னார் என்ற சார்பு அங்கே காப்பாற்றிவிடும். தாளில் நிலைமை வேறு. பில்லுக்கும் சம்பளச் சீட்டுக்கும் அறிக்கைக்கும் வினை கிடையாது. கட்டத்துக்குள் பெயர், எதிரே எண். பேச்சில் பொருளைத் தாங்கி நின்ற தமிழ் வினை முழுவதும் அங்கே உதிர்ந்துவிடுகிறது. கேட்டுத் தெளிய எதிரில் ஆளும் இல்லை. தொல்காப்பியர் வெளிப்படக் கூறுக என்று விதித்த இடம் இதுவே. நம் அலுவலகத் தாள்கள் மௌனமாக இருக்கும் இடமும் இதுவே.

பவர் டேபிள் வைத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு ஒப்பந்தக்காரரை எடுத்துக்கொள்வோம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவு, ஒப்பந்த வேலைக்கான தொகையில் தனிநபருக்கு 1 விழுக்காடும் நிறுவனத்துக்கு 2 விழுக்காடும் பிடிக்க வகை செய்தது. பான் எண் தரவில்லை என்றால் 20 விழுக்காடு. பிடித்தது அவர் கணக்கில் முன்கூட்டிச் செலுத்தப்பட்ட வரி; வரி வரம்புக்குக் கீழே இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் பில்லில் அது ‘டி.டி.எஸ்.’ என்று மூன்றெழுத்தும் ஒரு கழித்தலுமாகவே நிற்கிறது. திரும்ப வரக்கூடிய பணம் என்பதை அந்த மூன்றெழுத்து சொல்லாது. தெரியாதவருக்கு அது டேமேஜுக்குப் பிடித்ததைப் போன்ற இன்னொரு பிடித்தம். கார்டடுக்குக் ‘கே’ வந்த வேகத்தில் இங்கே ஒரு தெளிவு வரவில்லை. விலை பேசும் இரு தரப்பும் சம பலத்தோடு நின்ற இடத்தில் சொல் தெளிந்தது. ஒரு தரப்பு மட்டுமே தாளை எழுதும் இடத்தில் சொல் இருண்டே கிடக்கிறது.

ஓ.டி.யின் கதை இதைவிடக் கனமானது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியம் என்று வகுத்தது. பனியன் கம்பெனிகளிலோ எட்டு மணி நேரத்தை ஒரு ஷிப்ட் என்று கொண்டு, பன்னிரண்டு மணி நேர உழைப்பை ஒன்றரை ஷிப்ட் என்று எண்ணும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இக்கணக்கில் கடைசி நான்கு மணி நேரம் அரை ஷிப்ட் ஆகிறது. அரை ஷிப்டுக்கு அரைக்கூலி. ‘ஓ.டி. பாத்தேன்’ என்று தொழிலாளி வாயால் சொல்கிறார். சீட்டில் ‘ஷிப்ட் 1½’ என்று இருக்கிறது. பேச்சில் உள்ள சட்டச் சொல் தாளுக்கு வரும்போது மறைந்துவிடுவதால், அதனோடு சேர்ந்த இருமடங்கும் மறைகிறது.

நீரின் டி.டி.எஸ்.ஸுக்கு வருவோம். நீரில் பருத்தி இழை எதிர்மின் தன்மை கொள்ளும். ரியாக்டிவ் சாயத்தின் அயனியும் அப்படியே. ஒன்றையொன்று விலக்குவதைத் தணிக்க உப்போ கிளாபர் உப்போ மிகுதியாக இட வேண்டும். சாயம் துணியில் ஏறும். உப்பு நீரிலேயே நிற்கும். தொடக்கத்தில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வேதிமுறையில் நிறத்தையும் கசடையும் அகற்றின. கரைந்த உப்பை அகற்றவில்லை. நிறமற்றுத் தெளிந்த நீர் நொய்யல் ஆற்றில் விடப்பட்டது. 1992இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற டி.டி.எஸ். வரம்பு ஏட்டில் இருந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறைக்கு மாற உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை ஒட்டித் தீர்ப்பளித்தது. 2011 ஜனவரி 28இல் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

விவசாயி இவ்வளவு காலமும் சொன்னது ‘உப்புத்தண்ணி’ என்ற ஒரே சொல். அதில் பொருள் மயக்கம் ஏதுமில்லை. கிணற்றையும் தென்னையையும் கண்டு சொன்னது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நீதிமன்றமும் பேசியது டி.டி.எஸ்., 2,100. தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் எண்ணைப் புரிந்துகொள்ள அவர் ஓர் ஆங்கிலச் சுருக்கத்தைக் கற்க வேண்டியிருந்தது. அதை விரித்தாலும் ‘கரைந்த மொத்தத் திடப்பொருள்’ என்பது சோடியம் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு, சல்பேட் எவ்வளவு என்று சொல்லாது. மண்ணுக்கு முக்கியமானதோ அந்தப் பகுப்புதான்.

இதற்கு மாற்று, எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் படைத்துப் பேச்சில் திணிப்பது அன்று. பேச்சு தன் வேலையைச் செம்மையாகச் செய்கிறது. அதில் கைவைக்க எவருக்கும் தேவையில்லை. தாளில் மட்டும் விரித்து எழுதினால் போதும். பில்லில் ‘வருமான வரிப் பிடித்தம் (டி.டி.எஸ்.)’ என்றும், சம்பளச் சீட்டில் ‘மிகைநேரம்: இத்தனை மணி, இத்தனை ரூபாய்’ என்றும், நீர் ஆய்வு அறிக்கையில் ‘கரைந்த உப்புகள்’ என்ற தலைப்பின்கீழ் ஒவ்வொன்றின் அளவும் தமிழில் இடம்பெற வேண்டும். திருப்பூரின் தொழில் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நினைத்தால் புதிய சட்டம் இல்லாமலே இதைச் செய்யலாம். அச்சிட வேண்டியது சில கூடுதல் சொற்கள்தாம். தமிழ்த் துறைகளும் தம் பங்குக்கு இத்தொழில்மொழியைச் சுருக்கமும் விரிவும் என்று பட்டியலிடுவதோடு நில்லாமல், ஒவ்வொரு சொல்லும் எந்தத் தமிழ் வினையோடு வழங்குகிறது என்பதையும் சேர்த்துத் தொகுக்க வேண்டும். அந்தத் தொகுப்பைத் தொடங்கத் திருப்பூர்க் கல்லூரிகளே பொருத்தமான இடம்.