அண்டக்கதிரும் மேகமும்

விண்வெளியிலிருந்து பொழியும் அண்டக்கதிர்கள் மேகம் திரள்வதைக் கூட்டிக் குறைத்து, பூமியின் தட்பவெப்பத்தையே மாற்றக்கூடும் என்பது ஒரு கருதுகோள். 1959இல் அமெரிக்க இயற்பியலர் எட்வர்ட் நே இதற்கு வித்திட்டார். 1997இல் டென்மார்க்கின் ஹென்ரிக் ஸ்வென்ஸ்மார்க் செயற்கைக்கோள் பதிவுகளை வைத்து உயிரூட்டினார். சூரியன் துடிப்பாக இருக்கும் ஆண்டுகளில் அதன் காந்தப்புலம் அண்டக்கதிர்களை மறிக்கும், மேகம் குறையும், வெப்பம் ஏறும் என்பது அவர் வாதம்.

இந்தியாவில் இதைக் கையிலெடுத்தவர் இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு. ஆர். ராவ். அவரே அண்டக்கதிர் ஆய்வாளர். 150 ஆண்டுகளில் கதிர் வரத்து 9 விழுக்காடு குறைந்திருக்கிறது, எனவே புவி வெப்பமாதலில் கரியமில வாயுவின் பங்கு கணித்ததைவிடக் குறைவு என்று 2011இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதற்கு ஆதரவாகப் பேசியதும் விஷயம் அரசியலாயிற்று. வாதம் சறுக்கும் இடம் வேறு: 1950களிலிருந்து கருவிகள் காட்டுவது 11 ஆண்டுச் சுழற்சியின் ஏற்ற இறக்கத்தைத்தான், தொடர்ந்த சரிவை அல்ல. வெப்பமோ ஏறிக்கொண்டே போகிறது.

ஜெனீவா அருகே செர்ன் கூடத்தின் ‘கிளவுட்’ சோதனை இதை நேரடியாகவே ஆராய்ந்தது. கதிர் மோதிக் காற்றில் அயனி உண்டாவதும், அதைச் சுற்றி நுண்துகள் கூடுவதும் மெய்தான். ஆனால் 1 நானோமீட்டரில் பிறக்கும் துகள், நீர் கோத்து மேகத்துளியாக, 50 நானோமீட்டருக்கு மேல் வளர வேண்டும். பெரும்பாலானவை அதற்குள் பெரிய துகள்களில் ஒட்டிக் காணாமல் போகின்றன. இன்றைய தட்பவெப்பத்தில் இதன் விளைவு பொருட்படுத்தத்தக்கதல்ல என்று 2016இல் அக்குழு அறிவித்தது.

மேகம் கதிரை மாற்றும் என்பதற்கோ ஊட்டியிலேயே சான்று உண்டு. 2014 டிசம்பர் 1 அன்று இடிமேகம் ஒன்று கடந்தபோது, அங்குள்ள கிரேப்ஸ்-3 அண்டக்கதிர்க் கருவியில், கதிர் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் துகள்களின் வரத்து சுமார் 2 விழுக்காடு குறைந்தது. மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்திருக்க வேண்டும் எனக் கணித்து 2019இல் வெளியிட்டார்கள்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கோ மியூவான் ஒரு தொல்லை. அதை வடிகட்டத்தான் போடி மேற்கு மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கமும், தலைக்கு மேல் 1 கிலோமீட்டருக்குக் குறையாத பாறையும். அங்கே 50,000 டன் இரும்புக் கருவியில் பிடிக்க நினைத்த நியூட்ரினோக்களும் அண்டக்கதிர் காற்றில் மோதிப் பிறப்பவையே. 2015இல் மத்திய அமைச்சரவை ரூ.1,500 கோடிக்கு ஒப்புதல் தந்தது. பாறைக்கு வைக்கும் வெடி, நிலத்தடி நீர், முல்லைப் பெரியாறு அணை என ஊராரின் அச்சங்கள் வேறு. மேகத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மதிகெட்டான் சோலை – பெரியாறு புலி வழித்தடத்தைக் காட்டி 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. திட்டத்தின் 85 டன் சிறு மாதிரி மட்டும் மதுரையில் அமைக்கப்பட்டது. அது பதிவு செய்தது, பொட்டிப்புரத்தில் தவிர்க்க நினைத்த அதே மியூவான்களை.