ஃபிஷிங்

வங்கியைப் போலவோ அரசு அலுவலகத்தைப் போலவோ நடித்துக் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கறக்கும் இணைய மோசடி. மீன்பிடிப்புக்கான ஆங்கிலச் சொல்லைத் திரித்து, 1990களின் நடுவில் ஏஓஎல் இணையச் சேவையின் கணக்குகளைத் திருடியவர்கள் புழங்கவிட்ட பெயர். f-க்குப் பதில் ph என்று மாறிய முதலெழுத்து, தொலைபேசி இணைப்புகளை ஏய்த்த ‘ஃபிரீக்கிங்’ கூட்டத்திடமிருந்து வந்தது என்பர்.

தமிழில் சிலர் ‘மின்தூண்டில்’ என்கிறார்கள். பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்னும் வழக்கப்படி முறைவைத்துச் சுத்துவலை கட்டும் கோட்டைக்குப்பத்து மீனவர்கள் இந்தப் பெயரை ஒப்புவார்களா, தெரியவில்லை. ஒரே மின்னஞ்சலை ஆயிரம் பேருக்கு அனுப்புவது வலைவீச்சுதானே! ஒருவரை மட்டும் குறிவைத்துப் பெயர்சொல்லி வருவதற்குத் தூண்டில் தகும். ஆங்கிலமோ அதற்கு ‘ஸ்பியர் ஃபிஷிங்’ என்று ஈட்டியைத் தூக்கிக்கொண்டது.

வீட்டுக் கணினியில் வங்கி முகவரியை நாமே தட்டச்சிடுவது நல்லது. வந்த இணைப்பைத் தொடவேண்டாம். பணம் போய்விட்டால் இந்தியாவில் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.